மூன்று துவக்கும் ஓவசியரும்

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட துவக்குகளிலேயே அதிக தூரம் சுடக்கூடியது சுற்றறிக்கைதான். மற்றத் துவக்கெல்லாம் நானூறு, ஐந்நூறு யார் தூரத்தோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். சுற்றறிக்கை அப்படியில்லை. தலைநகரத்தில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து ஒருவர் கையெழுத்தை அமத்தினால் போதும். அது முந்நூறு கிலோமீற்றர் பறந்து, மட்டக்களப்பு வாவியையும் கடந்து, படுவான்கரையில் கதிர் முற்றி நிற்கிற ஒரு வயல் வட்டைக்குள் குறி தவறாமல் வந்து விழும். விழுந்த இடத்தில் பிறகு புல்லே முளைக்காது, நெல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அப்படிப் புளியங்கண்டத்து வட்டையில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து விழுந்த சுற்றறிக்கையின் தலைப்பு இது: 'பயிர்க்காவல் வாயுத் துப்பாக்கிகளை அவற்றின் துல்லியம், உயிர்பிழைப்புப் பயன்பாடு, பயனாளியின் தனிப்பட்ட விருப்பம் ஆகிய முப்பெரும் அளவுகோல்களின் அடிப்படையில் ஒப்பீடு செய்தல் தொடர்பானது'. இதை ஒரே மூச்சில் வாசித்து முடித்த பெருமை விவசாய அமைப்பின் தலைவர் இராசதுரைக்கு மட்டுமே உரியது. முடித்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, கூடியிருந்த சனத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் விளங்கினதா?"

"விளங்கினது," என்றாள் சீதேவி. "ஆனை வெடி எப்பயாம் தருவாங்க?"

"நீ ஒரு ஆள்! மூண்டு காத்துத் துவக்கு வருதெண்டு நான் சொல்றன், இவ வெடியில நிக்கிறா."

சீதேவி ஆனையை விரட்டுகிற அந்த வெடியில்தான் நின்றாள். வேறெதில் நிற்பாள்? வட்டையின் கடைசித் துண்டு, காட்டோடு ஒட்டின இரண்டு ஏக்கர், அவளுடையது. புருசன் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறார். உழுதது, விதைத்தது, மருந்தடித்தது, பதினெட்டு நாளாகப் பரணில் காவல் கிடந்தது எல்லாம் அவள்தான். போன வருசம் வெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது ஆனை முழுவதையும் தின்றுவிட்டது. வருசம் முழுக்கக் கடையில் வாங்கின கல்லரிசியைப் புடைத்துப் புடைத்துத் தின்று அவளுக்குச் சோறு என்றாலே வெறுத்துப் போனது. 'இந்த முறை என்ட வயல் சோத்தைத்தான் தின்னுவன், இல்லாட்டிப் பட்டினி கிடப்பன்' என்று அம்மன் கோயிலில் வைத்துச் சொல்லியிருந்தாள். வெட்டு மெசின் வெள்ளிக்கிழமை விடியவே வருவதாக நாள் எடுத்தாயிற்று. இன்னும் மூன்று நாளைக் கடத்தினால் போதும்.

கடத்துவதற்குத் தடையாக இருந்தவர் ஓவசியர்.

ஓவசியர், அதாவது வேலையை மேற்பார்வை பார்க்கிறவர், என்பது பட்டப்பெயர். ஆள் ஒரு கொம்பில்லாத அலியன் ஆனை. தினமும் பின்னேரம் நாலரைக்குக் காட்டிலிருந்து இறங்குவார். வரம்பில் ஏறி நின்று, வயலை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் ஒருமுறை பார்வையிடுவார். பிறகு வேலையைத் தொடங்குவார். மாவட்டத்திலேயே சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வருகிற ஓவசியர் அவர் ஒருவர்தான் என்று சனம் சொல்லும். சரியாக நாலு மணிக்கு வட்டைச் சனம் நாற்பத்தெட்டுப் பேரும் தகரமும் தடியுமாகக் காட்டோரம் வரிசை கட்டித் தட்டுவார்கள். இடைக்கிடை ஒரு ஆனை வெடியைக் கொளுத்தி எறிவார்கள். ஓவசியர் 'சரி, நாளைக்கு வாறன்' என்கிறது போலத் திரும்பிப் போவார். வெடி முடிந்து ஒரு கிழமை. இப்போது தகரம் மட்டும்தான். அதிலும் ஒரு ஐந்து பேர் குறைந்தால் அவர் திரும்புவதற்கு யோசிக்கிறார்.

சுற்றறிக்கையின் உறுப்புரைகளை இராசதுரை விளக்கினார். பரீட்சை வியாழன் பின்னேரம் மூன்றரைக்கு. பயனாளிகள் அனைவரும் தவறாது சமுகமளித்துக் கையொப்பமிட வேண்டும். பரீட்சை நடக்கும்போது அரைமைல் சுற்றளவில் தகரம் தட்டுதல், கூக்குரலிடுதல் முற்றாகத் தடை. துல்லியம் பாதிக்கப்படுமாம். படிவம் பூர்த்தியான பிறகே ஆனை வெடிப் பெட்டி வழங்கப்படும்.

பக்கத்து வயல்காரர் பக்கீர் கையை உயர்த்தினார். ஓட்டமாவடியில் வீடு, புளியங்கண்டத்தில் குத்தகைக்கு எடுத்த நாலு ஏக்கர், இடது காலில் ஒரு நொண்டல். அவருடைய வயல் முந்தாநாள்தான் வெட்டி முடிந்தது.

"எல்லாம் சரி தலைவர். நாலரைக்கு வரப்படாதெண்டு ஆனைக்கு ஆர் அறிவிக்கிற?"

"அது வேற திணைக்களம்," என்றார் இராசதுரை.

"நான் வரல்ல," என்றாள் சீதேவி. "நான் பரணில நிக்கிறன். நீங்க எல்லாரும் போய்ச் சுட்டு விளையாடுங்க."

"இஞ்ச கேளு புள்ள. நீ வராட்டி ஆள்கணக்குக் காணாது, கோரம் இல்ல. கோரம் இல்லாட்டிப் பரீட்சை இல்ல. பரீட்சை இல்லாட்டி வெடி இல்ல. வெடி இல்லாட்டி உன்ட நெல்லு இல்ல. ஆகையால உன்ட நெல்லைக் காப்பாத்துறத்துக்கு நீ நெல்லை விட்டுட்டு வரத்தான் வேணும்."

இந்தத் தர்க்கத்தின் அழகைப் பாருங்கள். எந்தப் பக்கத்தால் இழுத்தாலும் அவிழாது. சீதேவி நாலு பக்கத்தாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, வாறன் என்றாள்.

வியாழன் பின்னேரம், பக்கீரின் வெட்டின வயலில் கொட்டகை போட்டு, மேசைக்குப் பூப்போட்ட துணி விரித்து, குத்துவிளக்கு வைத்தாயிற்று. காற்றில் திரி அணைந்து அணைந்து போனதால் விளக்கு ஏற்றும் வைபவம் மட்டும் இருபது நிமிடம் எடுத்தது. ஜீப்பில் வந்திறங்கியவர் உதவிப் பணிப்பாளர் சுதாகரன். சண்டைக் காலம் முழுக்க வெளிநாட்டில் 'பயிர்ப் பாதுகாப்பு' பற்றிப் படித்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு பாதுகாக்க வந்தவர். கூட வந்தவன் ரதீஸ். கல்லடி ஊர்ப் பொடியன், வயது இருபத்துநாலு, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். படிவக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

இலக்கு நாற்பது யார் தூரத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் அட்டையில் வெட்டித் தீந்தை பூசின குரங்கு. மிகவும் உயிரோட்டமாக அமைந்திருந்தது. முகவெட்டு இராசதுரையைப் போலவே இருந்ததை எல்லாரும் கண்டார்கள், ஒருவரும் சொல்லவில்லை. இராசதுரை மட்டும் "ஆரையோ பார்த்த மாதிரிக் கிடக்கு" என்று இரண்டு தரம் சொன்னார்.

சீதேவி எழுந்தாள். "சேர், எங்கட பக்கம் குரங்கு இல்ல. ஆனைதான்."

சுதாகரன் கருணையோடு சிரித்தார். "அம்மா, தேசிய மட்டத்தில் குரங்குதான்."

"அப்ப ஆனை?"

"ஆனை அடுத்த காலாண்டு."

"எனக்கு நாளைக்கு விடிய மெசின் வருது சேர். அந்த வெடிப் பெட்டி ஜீப்புக்குள்ளதானே கிடக்கு? அதை மட்டும் தந்தா நான் என்ட பாட்டில போயிருவன்."

"படிவம் முடியட்டும் அம்மா. நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே."

நடைமுறை தொடங்கியது. சுதாகரன் ஒலிவாங்கியைப் பிடித்து, உயிர்பிழைப்புப் பயன்பாடு என்ற நவீன கோட்பாட்டை எளிய தமிழில் விளக்கினார். இப்போது வளர்ந்த நாடுகளில் இதுதான் பெரிய கலையாம். ஆட்கள் விடுமுறை எடுத்து, காசு கட்டி, காட்டுக்குள் போய் உயிர்பிழைத்துவிட்டு வருகிறார்களாம்.

"உதாரணமாக, நீங்கள் ஒரு காட்டுக்குள் அகப்பட்டுவிட்டீர்கள். உணவில்லை. கூரையில்லை. கையில் ஒரேயொரு துவக்கு. எதை வைத்திருக்க விரும்புவீர்கள்? இங்கே யாருக்காவது அப்படி உயிர்பிழைத்த அனுபவம் உண்டா?"

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சீதேவிதான் வாயைத் திறந்தாள்.

"தொண்ணூறாம் ஆண்டு சண்டையில மூண்டு மாசம் அந்தா தெரியிற காட்டுக்குள்ளதான் கிடந்தம் சேர். எனக்கு அப்ப பத்து வயசு. இதில இருக்கிற முக்காவாசிப் பேரும் வந்தவங்கதான்."

"மிக நல்லது! என்ன துவக்கு வைத்திருந்தீர்கள்?"

"எங்களுக்கிட்ட எங்கால துவக்கு? துவக்கு வெச்சிருந்த ஆக்களாலதானே காட்டுக்கு ஓடின."

சுதாகரன் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு ரதீஸின் பக்கம் திரும்பினார். "துவக்கோடு உயிர்பிழைத்த அனுபவம் இல்லை என்று எழுதும்."

ரதீஸ் எழுதினான்.

ஒன்றாம் துவக்கு. மரப்பிடி, மெல்லிய குழல், பார்க்கவே சாதுவான சாமான். சுதாகரன் குறி வைத்துச் சுட்டார். சோடாப் போத்தல் திறந்தது போல 'ப்ஸ்' என்றது. குண்டு குரங்கு வரைக்கும் போகாமல் நடுவழியில் களைத்து விழுந்தது. சனம் கைதட்டியது.

"துல்லியத்தைப் பற்றிப் பயனாளிகளின் கருத்து?"

பக்கீர் சாரத்தை முழங்கால் வரைக்கும் உயர்த்தி, கெண்டைக்காலைக் காட்டினார். "சேர், துல்லியமெண்டா இது. இருட்டுப்படுற நேரம், முந்நூறு யார் தூரம், நான் சைக்கிளில போறன். ஒரே வெடி. மறுகா அடிச்ச பொடியனே ஆஸ்பத்திரிக்கு வந்து, 'பக்கீர் காக்கா, குறை நினைக்காதீங்க, ஆள் மாறிப்போச்சு' எண்டான். குறியில பிழையில்ல, ஆளிலதான் பிழை."

"அது எந்த மாதிரித் துவக்கு?"

"நான் அதுக்குப் பின்பக்கம் நிக்கல்லயே சேர், முன்பக்கமெல்லோ நிண்ட."

இரண்டாம் துவக்கில் தொலைநோக்கி பூட்டியிருந்தது. சுதாகரன் ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றக் கண்ணை மூடினார். தொலைநோக்கியின் மூடியைக் கழற்ற வேண்டும் என்று ரதீஸ் காதுக்குள் சொன்னான். கழற்றிய பிறகு குரங்கு மிகக் கிட்ட வந்துவிட்டதாகவும், ஒரு கட்டத்தில் தன்னைப் பார்த்து முறைத்ததாகவும் சுதாகரன் அறிவித்தார். பத்து நிமிடக் குறிபார்ப்புக்குப் பிறகு வந்த குண்டு குரங்கை மரியாதையோடு விலகிப் போய், ஜீப்பின் பக்கக் கண்ணாடியை நொறுக்கியது. படிவத்தில், 'எதிர்பாராத இலக்கு: வெற்றி' என்று பதியப்பட்டது.

சீதேவியின் கண் மேசையில் இல்லை. நேரம் நாலு இருபத்தைந்து. காட்டோரம் வழமையாகக் கத்துகிற ஆட்காட்டிக் குருவி திடீரென்று கத்தி ஓய்ந்தது. அவள் காலடியில் கிடந்த தகரத்தை மெல்லத் தூக்கினாள்.

"புள்ள, வையி கீழ!" என்றார் இராசதுரை பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னும் ஒரு துவக்குத்தான்."

"அவர் வாற நேரம் துரையண்ணன்."

"ஒரே ஒரு வெடி புள்ள. பொறுத்தது பொறுத்தாய், அஞ்சு நிமிசம் பொறன்."

ஒரே ஒரு வெடி. சீதேவி தகரத்தை வைத்தாள். அந்தத் தகரத்தை வைத்ததற்காகப் பிறகு எத்தனை நாள் அவள் தன்னையே ஏசிக்கொண்டாள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் துவக்கு கறுப்பு. பிடியும் கறுப்பு, குழலும் கறுப்பு. அதைத் துணியை விட்டுத் தூக்கியதுமே கதை பேசிக்கொண்டிருந்த சனம் பேச்சை நிறுத்திவிட்டது. வெற்றிலை மென்றவர்கள் மெல்லுவதையும் நிறுத்தினார்கள். சுதாகரன் தோளில் வைத்தார். அமத்தினார்.

'டப்!'

குரங்கு அப்படியே நின்றது. விழுந்தது சனம்.

நாற்பத்தெட்டுப் பேரும் ஒரே நொடியில், வெட்டின வயலில் முகங்குப்புறக் கிடந்தார்கள். ஒருவர்கூடப் பிந்தவில்லை, ஒருவர்கூட அடுத்தவர் மேல் விழவில்லை. கைகள் தலைக்கு மேல், வாய் சற்றே திறந்து, முழங்கை ஊன்றி, அப்படியொரு ஒழுங்கு. பள்ளிக்கூட உடற்பயிற்சிப் போட்டியில்கூட இப்படிப் பார்க்க முடியாது. நொண்டிக் காலோடு பக்கீர்தான் முதலில் படுத்தார். இராசதுரை தலைவர் என்ற முறையில் மேசைக்கு அடியில் படுத்தார், கழுத்தில் மாலையோடு. நிமிர்ந்து நின்றவை மூன்று: சுதாகரன், ரதீஸ், குரங்கு.

"என்ன... என்ன நடந்த? எல்லாருக்கும் மயக்கமா?" என்று ரதீஸ் பதறினான். பாவம், சண்டை முடியும்போது அவனுக்கு ஏழு வயது.

சீதேவியின் கன்னம் மண்ணில் ஒட்டிக் கிடந்தது. அடிக்கட்டைகளுக்கு இடையால் அவளுக்குத் தன் வயல் தெரிந்தது. வரம்பு தெரிந்தது. வரம்பில் நாலு கால் தெரிந்தது. ஓவசியர் ஏறி நின்று, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் பார்வையிட்டார். தகரம் இல்லை, கூக்குரல் இல்லை. காவல்காரர் எல்லாரும் கும்பிட்டு விழுந்து கிடக்கிறார்கள். இப்படியொரு வரவேற்பு அவருக்கு ஆயுளில் கிடைத்ததில்லை. இறங்கினார். கதிரைக் கோலி, மண் போகக் காலில் இரண்டு தட்டுத் தட்டி, வாய்க்குள் வைத்தார். அந்தத் தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

எழும்பு, எழும்படி மூதேவி, உன்ட நெல்லு போகுது என்று மனம் கத்தியது. உடம்பு கேட்கவில்லை. ஒரு வெடிக்குப் பிறகு இரண்டாவது வெடி வரும், முதல் வெடியோடு எழும்பினவன்தான் சாவான் என்று பத்து வயதில் படித்த பாடத்தை உடம்பு அச்சொட்டாக வைத்திருந்தது. வராத அந்த இரண்டாவது வெடிக்காக அவள் காத்துக் கிடந்தாள். கண்ணால் தண்ணீர் வடிந்தது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். வாழ்நாளில் எத்தனையோ பேரில் அவளுக்கு ஆத்திரம் வந்திருக்கிறது, சொந்த முதுகெலும்பில் வந்தது அன்றைக்குத்தான்.

ஆறு நிமிடம். ரதீஸ் கடமை தவறாதவன், நேரம் குறித்து வைத்திருந்தான். ஆறாவது நிமிடம் சீதேவி எழும்பினாள். தகரத்தைத் தூக்கினாள், தட்டிக்கொண்டு ஓடினாள். "ஐயோ என்ட நெல்லு, ஐயோ என்ட சோறு" என்று கத்திய கத்தல் ஓட்டமாவடிக்கும் கேட்டிருக்கும். பின்னால் பக்கீர் நொண்டி நொண்டி ஓடினார். பிறகு மற்றவர்கள். ஓவசியருக்கோ அவசரம் இல்லை. தின்றது பாதி. சனத்தைக் கண்டு கிறுகித் திரும்பி, உழக்கினது மற்றப் பாதி. சேற்றோடு சேறாய் அமுங்கிப் போன கதிரை எந்த மெசினாலும் கிள்ள முடியாது. கடைசியாக ஒரு பிடியைத் துதிக்கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஏறினார்.

கொட்டகையில் சுதாகரன் பரவசத்தில் இருந்தார். பதினைந்து வருட உத்தியோகத்தில் இப்படியொரு பெறுபேற்றை அவர் கண்டதில்லை.

"எழுதும் ரதீஸ். மூன்றாம் துவக்கு. சத்தம் கேட்ட கணமே பயனாளிகள் நாற்பத்தெட்டுப் பேரும் தரையில் படுத்து உயிர்பிழைத்தனர். உயிர்பிழைப்புப் பயன்பாடு நூற்றுக்கு நூறு."

"சேர், ஆனைக்கு அந்தச் சத்தம் ஒண்டும் செய்யல்லயே. அது பாட்டில திண்டது."

"ஆனை படிவத்தில் இல்லை."

மேசைக்கு அடியிலிருந்து மாலையைச் சரிசெய்தபடி வெளியே வந்த இராசதுரை, வட்டையின் சார்பில் நன்றியுரை ஆற்றினார். மூன்றாம் துவக்கையே அமைப்பு ஏகமனதாகப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். ஏகமனதான அந்தச் சனம் அப்போது தூரத்தில், சீதேவியின் வயலுக்குள், தலையில் கைவைத்துக்கொண்டு நின்றது.

இன்னும் ஒரு கட்டம்தான் மீதி. தனிப்பட்ட விருப்பம். வனத்தோரப் பயனாளி ஒருவரின் வாக்குமூலமும் கையொப்பமும் வேண்டும் என்று சுற்றறிக்கை வற்புறுத்தியது. சுதாகரன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு ரதீஸை அனுப்பினார். ஒரு கையில் படிவம், மறு கையில் ஆனை வெடிப் பெட்டி. வரம்பு வழுக்கி இரண்டு தரம் விழுந்து, சேறும் சகதியுமாக அவன் போய்ச் சேர்ந்தான்.

சீதேவி நடு வயலில் குந்திக்கொண்டு, சேற்றுக்குள்ளிருந்து கதிர்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிச் சீலைத் தலைப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கீரும் பக்கத்தில் குந்தி அதையே செய்துகொண்டிருந்தார். இரண்டு பேருமாகப் பொறுக்கியது ஒரு சுண்டு அரிசிக்குக் காணாது.

"அக்கா... வெடி கொண்டு வந்திருக்கன்," என்றான் ரதீஸ்.

"வரம்பில வையுங்க தம்பி."

"இதில ஒரு கையெழுத்து வேணுமாம். நான் கேட்கப்படாதுதான். ஒண்டாம் துவக்கு, ரெண்டாம் துவக்கு, மூண்டாம் துவக்கு. உங்கட தனிப்பட்ட விருப்பம் எது எண்டு..."

பக்கீர் "யா அல்லாஹ்" என்று தலையைக் குனிந்துகொண்டார். சீதேவி எழுந்து நின்று, சேற்றுக் கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினாள்.

"ஆனை எண்டு எழுதவா?"

"ஆனை துவக்கில்லையே அக்கா."

"அதுதான் எனக்கு அதில விருப்பம். நான் பிறந்த நாளிலயிருந்து இந்தப் பக்கம் துவக்கோட வந்த ஒவ்வொருத்தனும் உங்களைக் காக்கத்தான் வாறம் எண்டு சொல்லிட்டுத்தான் வந்தவன். இது ஒண்டுதான் தம்பி, திங்கத்தான் வாறன் எண்டு வந்து, திண்டுட்டுப் போகுது."